மூன்று எட்டாகும் விதம்

ஞாயிறு காலை ஆறரைக்கெல்லாம்
ஹாட்வெயார் கடை மாடித் திறப்பு என் கையில்.
கீழே சீமெந்து மூட்டை, பீவீசி குழாய்.
மேலே நூற்று நாற்பது பிளாஸ்டிக் கதிரை,
ஒரு வெண்பலகை, ஞானசீலன் சேரின் மைக்.
தரம் பதினொன்று. கணிதமும் விஞ்ஞானமும்.
நான் படிப்பிக்கிறவன் இல்லை,
வாசலில் மேசை போட்டு அட்டை பார்க்கிறவன்.

அட்டையில் பெயர், தோட்டம், மாதம்.
ஆயிரத்து இருநூறு வாங்கினால்
மாதத்தை இலக்கத்தில் எழுதவேண்டும், சிவப்புப் பேனையால்.
எழுதி எழுதிக் கை பழகிவிட்டது:
என் எட்டு ஒரே இழுப்பு,
இடுப்பில் பேனை நிற்காது.

ஓகஸ்ட், இரண்டாம் ஞாயிறு.
பஸ் பிந்தியதால் படியெல்லாம் ஒரே சேற்றுச் சப்பாத்து.
வரிசைக்குள்ளிருந்து ஓர் அட்டை நீண்டது:
மா. சதுர்ஷினி, மேமலை, கீழ்ப்பிரிவு.
எட்டுதான்.
ஆனால் வலப்பக்கம் என் கை,
இடப்பக்கம் வேறு கை.
திறந்திருந்த இரண்டு வாயையும் பொத்தி
மார்ச்சை ஓகஸ்ட் ஆக்கியிருந்தாள்.
சிவப்பும் கொஞ்சம் ரோசாப்பூச் சிவப்பு.

"அட்டை ஏன் இப்பிடி?"
"நனைஞ்சிருச்சிங்கண்ணா."

நனைந்தது பொய்யில்லை.
அந்த மாதம் எதுதான் நனையவில்லை.
கொழுந்தில் தண்ணி என்று தராசடியில் கிலோ கழித்தார்கள்.
கழித்தபின் நிறை வரவில்லை என்று அரைப் பேர் போட்டார்கள்.
எத்தனை அரைப் பேர் சேர்ந்தால் ஆயிரத்து இருநூறு?
அந்தக் கணக்கு மாடியில் நடப்பதில்லை.

பின்னால் படிமுழுக்கத் தள்ளுகிறார்கள்.
"ஜன்னல் பக்கம் கதிரை கிடக்கு, போ" என்றேன்.
அவள் நன்றி சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் இருவருக்குமே வெட்கம்.

பத்து மணிக்குத் தகரத்தில் மழை விழத் தொடங்கியது.
மைக் தோற்றது.
சேர் பேச்சை விட்டுவிட்டுப் பலகையில் எழுதிக்கொண்டே போனார்,
இருபடிச் சமன்பாடு, இரண்டு விடை;
நீளம் மறையாக இராது, ஆகவே ஒன்றை வெட்டு.
பதுளை ரயில் போகையில் பலகையும் நடுங்கியது.
நான் பின்சுவரில் சாய்ந்து
காசுக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில்
செய்து பார்த்துக்கொண்டிருந்தேன்.
இணைந்த கணிதத்தில் எனக்கு இரண்டு தரமும் எஃப்.
இதையெல்லாம் யாரிடமும் சொல்வதில்லை.

வகுப்பு விட்டதும் சேர் காசை எண்ணினார்.
மேடையில் நின்றபோதே தலையை எண்ணிவிடுவார், பழக்கம்.
"நூற்று நாற்பத்தேழு தல. காசு நாற்பத்தாறுக்குத்தானே?"
"என்னையும் சேத்து எண்ணியிருப்பீங்க, சேர்."
அவர் என்னைப் பார்க்கவில்லை.
கொப்பியைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார்.
"மூணாவது வரியில குறி பிழை" என்றார்.
குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

அன்றிரவு படுக்கையில் எனக்கு அதே யோசனை:
மூன்று எட்டாகும்.
ஐந்தை இழுத்தால் ஆறு.
நான்கு உதவாது, நான்கு யாருக்கும் உதவாது.
ஒன்றுதான் தாராளம்.
ஏழாகும், பத்தாகும், பதினொன்றாகும்;
ஜனவரி அட்டையைப் பத்திரமாய் வைத்திருப்பவள்
வருடத்தையே வைத்திருக்கிறாள்.

செப்டெம்பரில் காசு கொண்டுவந்தாள்,
நான்காய் மடித்த நோட்டு, எட்டு இருபது ரூபாய் உட்பட.
ஒக்டோபரிலும், நவம்பரிலும்.
ஒவ்வொரு தரமும் நான் எழுதும்போது
இலக்கத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள்,
எங்கே தொடங்குகிறேன், எங்கே முடிக்கிறேன் என்று.

சோதனைக்கு முந்திய கடைசி வகுப்பு. டிசம்பர்.
பனி மாடிப்படிவரை ஏறி வந்திருந்தது.
அட்டையை நீட்டினாள்.
பன்னிரண்டு.
ஒன்று என்னுடையது, ஓரம் தேய்ந்து மங்கிப்போய்.
இரண்டு அவளுடையது,
கழுத்து வளைவு, கால் நீட்டல் எல்லாம் என்னைப் போலவே,
இந்த முறை சிவப்பும் சரியான சிவப்பு.
பஸ்ஸில் வைத்துத்தான் எழுதியிருக்கவேண்டும்.
மை காயவில்லை.

இரண்டு தரம் ஊதி
அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன்.